அண்ணன் மாடி

1937, மார்ச் 7. பிரிக்பீல்ட்ஸ்.

கிள்ளானுக்குப் போய்வந்தேன். கோமளத்துக்கு முன்பல் விழுந்திருக்கிறது. யார் எடுத்தார்கள், எந்தக் கூரையில் போட்டார்கள், எதுவும் பெற்றவள் எனக்குத் தெரியாது. மாரியாயி என் கணவரின் தங்கை. இரண்டு வருடமாக முகம் கோணாமல் என் பிள்ளையை வளர்த்துத் தருகிறாள். இன்று மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அண்ணி, ஆவணியில எனக்கும் குழந்தை பொறக்கப் போவுது. கோமளத்துக்கு ஒரு எடம் பாத்துக்கிட்டா நல்லது."

நியாயம்தான். எங்கே பார்ப்பது? இவருடைய ரயில்வே பட்டறைச் சம்பளத்துக்கும் என் தமிழ்ப் பள்ளிச் சம்பளத்துக்கும் இந்த ஊரில் வீடு கிடைப்பதில்லை, அறைதான் கிடைக்கும். அதுவும் என் கூடப்பிறந்த அண்ணன் தயவு. சபாபதி அண்ணன் கட்டட முதலாளியான சீனத் தவுக்கேயிடம் மாடி முழுவதையும் வாடகைக்கு எடுத்து, பலகைத் தட்டி அடித்து, அறை அறையாகக் குடிவைத்திருக்கிறார். பிள்ளைகள் கூடாது என்பது அவர் சட்டம். தங்கை பிள்ளைக்கும் அதே சட்டம். "முன்னறை காலியாவட்டும், உனக்குத்தான். அப்ப புள்ளைய கூட்டியா," என்று தீபாவளிக்குச் சொன்னார். நம்பிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 12

நாளை சுகாதார துரை தெருவுக்கு வருகிறாராம். வழக்கமான கூத்துதான். அளவுக்கு மேல் ஆள் இருந்தால் மாடியைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். அதனால் துரை வருகிற அன்று பாதிப்பேர் பாய், அடுப்பு, துணிமூட்டையோடு பின்படி வழியாக மறைந்துவிடுவோம்.

அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தங்கமணி, நீ சொன்னா பொம்பளைங்க கேப்பாங்க. விடியறதுக்குள்ள கெளப்பிடு. இந்தத் தடவை ரொம்ப கண்டிப்பாம்லா. அறைக்கு ஒரு ஆள் போதும்."

டீச்சர் ஆயிற்றே நான். தலையாட்டினேன்.

மார்ச் 13

ஆற்றங்கரையில் பொழுது போயிற்று. மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்றோம். பக்கத்து அறை வள்ளியம்மா காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, "துரை தெனமும் வரட்டுமே டீச்சர். இங்கதான் எனக்கு மூச்சே வருது," என்றாள். எல்லோரும் சிரித்தோம். திரும்பியதும் அண்ணன் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். அண்ணன் கையால் காப்பி! மழைதான் கொட்டப் போகிறது.

மார்ச் 29

இதை உடனே எழுதிவிடுகிறேன்.

துரையின் ஆபீசில் எழுத்துவேலை பார்த்து, அவரோடு மொழிபெயர்க்கவும் வரும் கிராணி பீர் முகம்மதுவை, காய்கறி வாங்கப் போன பாசாரில் பார்த்தேன். அவர் மகள் என் வகுப்பில் படிக்கிறாள். "டீச்சர், உங்க தெருவுல எடத்துக்குக் கஷ்டமே இல்லைன்னு முடிவாயிடுச்சு. இனி வீட்டுத் திட்டம் நம்ம பக்கம் வராதுலா," என்றார்.

என்ன திட்டம்? அன்றைக்கு அவர்கள் யாரையும் வெளியேற்ற வரவில்லையாம். தொழிலாளிகளுக்கு அரசாங்கமே குறைந்த வாடகையில் வீடு கட்ட வேண்டுமா என்று பார்க்கத்தான் ஆள் எண்ணினார்களாம்.

"எங்களுக்கு யாருமே சொல்லலையே?"

"மாடி எடுத்து நடத்துறவங்களை எல்லாம் முன்னாடியே கூப்பிட்டுச் சொன்னோமே. உங்க அண்ணன்கூட வந்திருந்தாரு."

அண்ணன் வந்திருந்தார்.

மார்ச் 30

கேட்டுவிட்டேன். "அண்ணே, தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?"

மறுக்கக்கூட இல்லை. "கவர்மெண்டு வீடு கட்டிட்டா என் மாடிக்கு எவன் வருவான்? நானும் பொழைக்க வேணாமா?"

"கோமளம்?"

"அதான் முன்னறை தரேன்னு சொன்னேன்ல."

எப்ப? எந்த ஜென்மத்துல? என் வாயாலயே சொல்ல வச்சி, நானே எல்லாரையும் ஆத்தங்கரைக்கு ஓட்டிட்டுப் போனேனே! வெளியாள் செஞ்சிருந்தா திட்டிட்டுப் போயிடலாம். இவன் என் அண்ணன். ஒரே தட்டுல சாப்பிட்டவன்.

இவரிடம் சொன்னேன். "மச்சானைப் பகைச்சிக்கிட்டு எங்க போறது?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

ஏப்ரல் 2

அண்ணன் வீட்டிலிருந்து மீன்குழம்பு வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 9

வள்ளியம்மாவையும் இன்னும் சில பெண்களையும் அழைத்துக்கொண்டு ஆபீசுக்கே போனேன். அன்று ஒளிந்துகொண்டோம், மறுபடி வந்து எண்ணுங்கள் என்றேன். பீர் முகம்மது மொழிபெயர்த்துச் சொன்னார். துரை சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை. வருவதாகச் சொன்னார். திரும்பும்போது கால் தரையில் பாவவில்லை. கோமளத்தை எந்த வகுப்பில் சேர்ப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

ஏப்ரல் 20

துரை வந்தார். ஒருவரும் அசையவில்லை. அவரவர் பாயில், அவரவர் அடுப்படியில் இருந்தோம். புகையில் துரைக்குக் கண் கலங்கியது. நன்றாகக் கலங்கட்டும். அண்ணன் கீழே கடைவாசல் நடைபாதையில், அஞ்சடியில் நின்றுகொண்டிருந்தார், மேலே ஏறி வரவில்லை.

மே 11

தட்டிகளைப் பிரிக்க உத்தரவு. மாதக் கடைசிக்குள் மாடி காலியாக வேண்டுமாம்.

வீடு? பீர் முகம்மது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பிரிக்கிறதுக்குச் சட்டம் இருக்கு டீச்சர். கட்டுறதுக்கு மேலிடத்துல இன்னும் யோசிக்கிறாங்க."

யோசிக்கட்டும். அவர்கள் யோசித்து முடிக்கும்வரை நாங்கள் எங்கே படுப்பது? அண்ணன் செய்தது வயிற்றுப் பிழைப்புக்கு. இவர்கள் செய்தது எதற்கு? கஷ்டத்தைக் காட்டு என்றார்கள். காட்டினோம். இருந்த இடமும் போயிற்று.

மே 28

வள்ளியம்மா போய்விட்டாள். பாலத்தடியில் சாக்குக் கட்டி இருக்கப் போகிறார்களாம். படியிறங்கும்போது, "உங்க பேச்சைக் கேட்டேன் டீச்சர்," என்றாள். அவ்வளவுதான். வைதிருந்தால் தேவலை.

மே 30

தேடாத தெரு இல்லை.

ஜூன் 6. செந்தூல்.

குடிவந்தாயிற்று. இதுவும் மாடிதான், புதிதாக அடித்த பலகை வாசம் போகவில்லை. அண்ணன் இங்கே வேறொரு வீட்டை எடுத்திருக்கிறார். இவர்தான் போய்க் கேட்டார். பிள்ளையையும் வைத்துக்கொள்ளட்டும் என்று அண்ணன் சொல்லியனுப்பினார்.

மாரியாயி காலையில் கோமளத்தைக் கொண்டுவந்து விட்டுப் போனாள். அண்ணனே என் டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்கி மேலே கொண்டுவந்து வைத்தார். கோமளம் "மாமா!" என்று ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். இங்கே வாடி என்று கூப்பிட வாயெடுத்தேன்.

கூப்பிடவில்லை. அவர் வீடு.