ஹாரன் அடிக்க வேண்டாம் என்றீர்கள்

சிஸ்டர்,

இன்று காலை எங்கள் தெருத் தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். நெடி வீட்டுக்குள் வந்ததும் காபியை அப்படியே வைத்துவிட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்து ஜீப்பில் எப்போதும் அடித்த நெடி அது. நான் ஓட்டுவேன். நீங்கள் மருந்துப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு குழிக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வருவீர்கள்.

மல்லசமுத்திரம் தாண்டி உள்ளே இருந்த அந்தக் காலனியை நீங்கள் மறந்ததே இல்லை. சுற்றிலும் தோட்டக்காரர்கள் ஆளுக்கொரு கரண்ட் மோட்டார் இறக்கியதும் காலனிக் கிணறு வற்றிப்போனது. ஓடையில் குழி தோண்டி, கலங்கலை மொண்டு குடித்தார்கள். அடிபம்பு கேட்டு மூன்று முறை மனு எழுதினீர்கள். பம்பு வந்தது, பஞ்சாயத்துத் தலைவருடைய மாமனார் தெருவுக்கு. அங்கே ஏற்கெனவே நல்ல கிணறு இருந்தது.

எழுபதுகளின் நடுவில் குடும்பக் கட்டுப்பாட்டு டார்கெட் வந்தது. பேதி மருந்து கொண்டுபோக பெட்ரோல் இல்லை என்று கை விரித்தவர்கள், ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க மட்டும் டேங்க் நிறைய ஊற்றினார்கள். அதுவரை ஊர் முக்கில் நீளமாக ஹாரன் அடித்தால் தடுப்பூசிக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த வருடம் அதே சத்தத்துக்குச் சோளக்காட்டுக்குள் ஓடினார்கள்.

அந்தக் காலனி ராசம்மாவின் இரண்டு வயதுப் பெண்ணுக்குப் பேதி நிற்கவில்லை என்று சேதி வந்ததும் சலைன் பாட்டிலோடு கிளம்பினோம். "ஆரன் அடிச்சுறாதீங்கண்ணா. ஆபரேசன் வண்டின்னு ஓடிருவாங்க" என்றீர்கள். சரி என்றேன். முக்குத் திரும்பும்போது பழகின கை அடித்துவிட்டது.

காலனியில் ஒரு ஆள் இல்லை. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. வரப்பு வரப்பாக ஓடி, மருந்து கொண்டுவந்திருக்கிறேன் என்று தொண்டை கட்டும்வரை கத்தினீர்கள். பொழுது சாய்ந்துதான் ராசம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்டைவிட்டு வெளியே வந்தாள். ஊசிக்கு நரம்பே கிடைக்கவில்லை. குழந்தை உங்கள் மடியில் போய்விட்டது.

கூப்பிட்டது கேட்கவில்லையா என்று கேட்டீர்கள். "கேட்டுதுங்க. புள்ளையச் சாக்கு வெச்சு எங்களப் புடிக்கத்தான் கூப்புடறீங்கன்னு இருந்துட்டனுங்க" என்றாள்.

திரும்பும்போது மடியில் இறப்பு ரிப்போர்ட்டை விரித்து வைத்திருந்தீர்கள். "காரணம்னு ஒத்தக் கோடுதான் உட்டிருக்கறாங்கண்ணா. இதுல எதைன்னு எழுதறது?"

பேதி என்று எழுதினீர்கள். மறுவாரம் உங்களுக்கு மெமோ வந்தது, டார்கெட் குறைந்ததற்கு. குழந்தையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எண்பதுகளில், ஒரு தேர்தலுக்கு முந்தைய மாதம், காலனிக்கும் அடிபம்பு வந்தது. மாலை போட்டுத் திறந்தார்கள். நீங்கள் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை.

ரிடையர் ஆகும்வரை நீங்கள் என்னைக் குறை சொன்னதில்லை. அவர்கள் ஓடியது ஹாரனுக்கு இல்லை என்றே சொன்னீர்கள். பாதிதான் நம்பினேன். அந்த ஒற்றைக் கோட்டை மனசுக்குள் நிரப்பிப் பார்க்கிறேன் சிஸ்டர். மோட்டார், மாமனார் தெரு, டார்கெட், பெட்ரோல் எல்லாம் எழுதுகிறேன். அதற்கெல்லாம் பொறுப்பு யார் யாரோ, ஒருவரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். கடைசியில் என் கையை எழுதுகிறேன். அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.