முப்பத்தொன்றாம் தேதிச் சண்டை

6-12-98, ஞாயிறு
கிளப் ஹாலைப் பெருக்கினேன். செக்ரட்டரியும் நானே, பெருக்குகிறவனும் நானே. ஒரு காலத்தில் மதராசிலிருந்து பாக்சர்கள் ரயிலேறி சித்தூருக்கு வந்து இங்கே குத்திவிட்டுப் போனார்கள். ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு ஜனங்கள் பார்த்தார்கள். இப்போது மூலையில் உடைந்த கேரம் போர்டு.

இடம் கொடுத்த பெரியவர் பத்திரத்தில் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்: கிளப் மெம்பர்கள் குத்தும் சண்டை வருஷத்துக்கு ஒன்றாவது இந்த ஹாலில் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் இடம் அவர் வாரிசுக்குத் திரும்பிவிடும். இந்த வருஷம் இன்னும் ஒன்றுகூட நடக்கவில்லை. பெங்களூரில் இருக்கும் அவர் பேரன் போனில் நினைவூட்டுகிறார். ஜனவரியில் ஹாலைச் சிட்டிபாபுவுக்குக் குத்தகைக்கு விடப் பேசிவைத்திருக்கிறாராம். திருப்பதியில் ஏற்கெனவே மூன்று கல்யாண மண்டபம் வைத்திருப்பவன். இதே கிளப்பில் குத்தக் கற்றவன்.

விடமாட்டேன்.

10-12-98
சண்டை 29ஆம் தேதி. மார்கழி, முகூர்த்தம் கிடையாது, எல்லோரும் சும்மாதான் இருப்பார்கள். கிஷோரும் கிரண்குமாரும் குத்துகிறார்கள். கிளப்பில் மிச்சம் இருப்பதே இந்த இரண்டு பாக்சர்கள்தான். மற்றவர்கள் குவைத், ஓசூர், பெங்களூர் என்று போய்விட்டார்கள். நோட்டீஸ் அடித்தாயிற்று.

17-12-98
என் புத்தி எங்கே போயிற்று? 29 வைகுண்ட ஏகாதசி! காலண்டரைக் காட்டி என் பெண்டாட்டி அம்சவேணி சிரிக்கிறாள். "ஊரே அலிபிரி படில திருமலைக்கு ஏறிக்கினு இருக்கும். உங்க ஹாலுக்கு யாரு வருவாங்க?" ரெஃப்ரியும் அன்றைக்கு மலையில்தானாம். 31க்கு மாற்றிவிட்டேன். அதற்கு மேல் நாள் இல்லை.

24-12-98
கிஷோர் வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "சார், ஏஜென்ட் போன் பண்ணாரு. எனக்கும் கிரணுக்கும் குவைத் விசா வந்துடுச்சி. இன்னிக்கே மெட்ராஸ் வந்துடச் சொல்றாரு. முப்பதாந்தேதி பிளைட்டு."

நான் மட்டும் ஒழுங்கான தேதி வைத்திருந்தால் - என்ன சொல்வது? நல்லா இருடா என்று அனுப்பினேன். அவன் போன பிறகு நாற்காலியை உதைத்தேன். கட்டைவிரல் வீங்கிவிட்டது.

25-12-98
நான் ஒருத்தன் இருக்கேன். வயசு நாற்பத்தாறு, எடை எழுபத்தாறு கிலோ. எதிரே நிக்க ஆளு?

27-12-98, ஞாயிறு
திருப்பதி போய்ச் சிட்டிபாபுவையே கேட்டேன். வேறு யார் இருக்கிறார்கள்? அவன் பழைய மெம்பர். வயசும் உடம்பும் என்னைப் போலத்தான். விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னாடா கோவர்த்தனா, எனக்கு வர்ற ஹாலுக்கு நானே ஆப்பு வச்சிக்கணுமா?"

1973இல் அதே ஹாலில் அவனை ஒரு பாயிண்டில் ஜெயித்தேன். ஜட்ஜ் என் சொந்தக்காரர், அதனால்தான் என்று இருபத்தைந்து வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். எழுந்து வரும்போது சொன்னேன்: "கிளப் ரிஜிஸ்தர்ல ஜெயிச்சவன்னு இன்னும் என் பேருதான் கீது."

சிரிப்பு நின்றது. ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை.

30-12-98
காலையில் ஸ்கிப்பிங் நூறு. அம்சவேணி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் தட்டில் இரண்டு முட்டை இருந்தது.

31-12-98
ஆறு மணிக்குச் சிட்டிபாபு வந்தான். பழைய சிவப்பு டிராயர், இடுப்பில் ஏறவே இல்லை. பார்க்க வந்தவர்கள் முப்பது பேர். முதல் வரிசையில் சாட்சிக்குப் பேரன் அனுப்பிய ஆள்.

மூன்று ரவுண்டு. சண்டை நடந்தாலே போதும்தான், ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஜெயிக்கத்தான் அடித்தேன். அவன் வலது கையில் இன்னும் அந்த வேகம் இருக்கிறது. மூன்றாவது ரவுண்டில் விழுந்தேன், எழுந்தேன். ரெஃப்ரி அவன் கையைத் தூக்கினார்.

73லயும் இவன்தான் ஜெயிச்சானோ? அன்றைக்கு ஜட்ஜ் என் சித்தப்பாதான். இதை இந்த நோட்டில்கூட நான் எழுதியதில்லை.

1-1-99
இடது கண் திறக்கவில்லை. ரிஜிஸ்தரில் என் கையாலேயே எழுதினேன்: "31-12-1998. வெற்றி - சிட்டிபாபு." பேரனுடைய ஆள் கீழே கையெழுத்துப் போட்டார். ஹால் நம்முடையதுதான்.

மதியம் சிட்டிபாபு போன் செய்தான். ஹால் கைவிட்டுப் போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அனுப்புடா. பெருசா எடு. பிரேம் போட்டு என் மண்டபத்து வாசல்ல மாட்டணும்."