வயலின் சொன்ன சுகம்

காஜா பேராங், மலாக்கா
15-9-1957

அன்பு மகன் கருணாகரனுக்கு அப்பாவின் ஆசிகள். இங்கே நானும் அம்மாவும் தங்கை விஜயாவும் சுகம். நீயும் லண்டனில் சுகம் என்று எழுதியிருக்கிறாய். அதை அப்படியே நம்ப முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

மெர்டேக்கா சுதந்திர நாள் தோரணங்களை ஊரில் இன்னும் அவிழ்க்கவில்லை. விஜயாவுக்குப் பக்கத்து ஊர் புக்கிட் காத்தில் பள்ளியில் வேலை கிடைத்துவிட்டது, தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். நீ அனுப்பிய இசைத்தட்டு உடையாமல் வந்தது. ஜவுளிக்கடை இப்ராஹீம் மாமா வீட்டு கிராமபோனில் போட்டோம். வயலின் இழைந்து வந்து, அம்மா நான் சுகம், சாப்பிட்டீங்களா என்று சொல் சொல்லாகக் கேட்டது. மாமா சிரித்துவிட்டு, வாத்தியாரே, நீங்க பிள்ளைகளுக்குத்தான் தமிழ் சொல்லிக் கொடுத்தீங்க, உங்க பையன் பிடிலுக்கே சொல்லிக் கொடுத்துட்டான் என்றார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, பிடில் நல்லாத்தான் பேசுது, இவன் எங்கே என்றாள்.

அதை எப்படிச் செய்வது என்று நீ விளக்கியதை இரண்டு முறை படித்தேன். தொண்டையின் இரு பக்கமும் சிறிய ஒலிபெருக்கிகளை அழுத்தி வைத்து, வயலின் ஒலியை உள்ளே விட்டு, சொந்தக் குரல் எழுப்பாமல் வாயை மட்டும் அசைக்க வேண்டும் என்கிறாய். பள்ளியில் காலை வணக்கப் பாட்டின்போது பாடத் தெரியாத பையன்கள் இப்படித்தான் வாயசைப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லோரும் பாடுவது போலவே இருக்கும், பக்கத்தில் போய்க் காது கொடுத்தால்தான் தெரியும். நீ இருப்பதோ நான் காது கொடுக்க முடியாத தூரம். பங்குனியில் தொண்டைக் கட்டு என்று எழுதினாய். பிறகு அங்கே தமிழ்ச் சங்கத்தில் பாடுவதை நிறுத்திவிட்டேன், நேரமில்லை என்றாய். மெர்டேக்கா அன்று மாமா கடைக்கு டெலிபோனில் பேசுவதாகச் சொல்லிவிட்டுத் தந்தி அடித்தாய். விடுமுறைக்கு வந்த உன் நண்பன் தேவதாஸிடம், அவன் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நல்லா இருக்கான் சார் என்று தேநீர்க் கோப்பையைப் பார்த்துச் சொன்னான். நான் கேட்டது குரலை.

தம்பி, குரலே இல்லாதவனும் அந்தக் கருவியால் பேச முடியும் அல்லவா? என் சந்தேகம் தவறாக இருந்தால் கிழவன் புத்தி என்று சிரித்துக்கொள். சரியாக இருந்தால் மறைக்காதே, கோபிக்க மாட்டோம். அடுத்த தட்டில் வயலின் வேண்டாம். கரகரத்தாலும் காற்றாக வந்தாலும் அம்மா என்று ஒரு சொல் சொல். அதுவும் வராவிட்டால் சும்மா மூச்சு விட்டு அனுப்பு, அவள் கண்டுகொள்வாள்.

இதையெல்லாம் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. ஆனால் உனக்குத் தீபாவளிப் பார்சலை இன்று கட்டும்போது பார்த்தேன், வழக்கமான முறுக்கு இல்லை. அதிமதுரமும் பனங்கற்கண்டும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள்.

வெளியே போகும்போது கழுத்துத் துணியை மறக்காதே. முருகன் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அப்பா,
ராஜரத்தினம்