ஆடி பிறப்பதற்குள் காலி

3 ஜூன் 1962, ஞாயிறு. ஆம்பூர்

வெயில். கிணற்றில் தண்ணீர் கம்மி. வாசலில் வடகம் காயப் போட்டு காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் ஜப்பார் பாய் வந்தார். அவருடைய அத்தா காலத்திலிருந்து இங்கே குடியிருக்கிறேன், முப்பது வருஷம். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அப்போதே தெரிந்தது.

அண்ணன் தம்பி பாகம் பிரித்தாயிற்றாம். தோல் மண்டியும் பெரிய வீடும் அண்ணனுக்கு. பாய் பங்குக்கு இந்த வீடு ஒன்றுதான்.

"அண்ணன் வீட்ல எத்தனை நாள்மா ஒண்டிக்கினு இருக்கறது? நான் இங்க குடி வரணும்."

நான் எங்கே போவது என்று கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வடகம் பாதி காக்காய்க்கு.

6 ஜூன், புதன்

பத்திரம் எழுதும் முனிசாமியிடம் போனேன். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் உட்காருகிறவன். நான் அஞ்சாவதோடு நிறுத்தியவள்தான். ஆனால் ஒருத்தர் நிறுத்திச் சொன்னால் எனக்குப் புரியாத சட்டம் கிடையாது.

"புதுச் சட்டம் ஆயா. வீட்டுக்காரன், எனக்குக் குடியிருக்க வேணும், இந்த ஊர்ல வேற சொந்த வீடு இல்லன்னு மனு போட்டு, அது நெஜம்தான்னு ஆச்சுன்னா நீ போவ வேண்டியதுதான்."

"முப்பது வருஷம் இருந்தேனேடா."

"முந்நூறு வருஷம் இருந்தாலும்."

"என் கஷ்டத்த யாரும் கேக்க மாட்டாங்களா?"

"அத கேக்கறது மைசூர் ராஜ்யத்துல. போன வருஷம் போட்ட சட்டம். குடித்தனக்காரனுக்குக் கஷ்டம் ஜாஸ்தியா, வீட்டுக்காரனுக்கு ஜாஸ்தியான்னு நிறுத்துப் பாக்கணுமாம்."

"ஆந்திராவுல?"

"நம்ம மாதிரிதான். நேத்து வரைக்கும் ஒரே ராஜ்யம்தானே."

வந்ததும் எழுதி வைத்தது:
சென்னை: சொந்தக்காரன் குடியிருக்கக் கேட்டால் போக வேண்டும்.
ஆந்திரா: டிட்டோ.
மைசூர்: இரண்டு பேர் கஷ்டத்தையும் நிறுத்துப் பார்ப்பார்கள்.

காலையில் ரயில் ஏறினால் பகலிலேயே பெங்களூர். அங்கே என் கஷ்டத்துக்கு எடை உண்டு. இங்கே இல்லை. நடுவில் எந்த ஸ்டேஷனில் அது மாறுகிறது?

9 ஜூன், சனி

பெங்களூரிலிருந்து மகள் கமலா கடுதாசி. சட்டம் எப்படி என்று கேட்டு எழுதியிருந்தேன். "நல்ல சட்டம்தான் அம்மா. எங்க வீட்டுக்காரிக்குத்தான் அது தெரியாது. போன வாரம் தண்ணிக் குழாயைப் பூட்டிட்டா. நீ இங்கயே வந்துடு."

மருமகன் வீட்டில் போய் உட்காருவதா. மாட்டேன். மகன் மணி ஜோலார்பேட்டையில், ரயில்வே குவார்ட்டர்ஸ். வேலை உள்ளவரைதான் வீடு, எந்தச் சட்டமும் எட்டிப் பார்க்காது. அதோடு அவன் பெண்டாட்டி. இரண்டாம் டம்ளர் காபி கேட்டால் டப்பாவைத் தட்டிக் காட்டுகிறவள்.

இன்று மூன்று தடவை வீடு பெருக்கினேன். குப்பை இல்லை.

11 ஜூன், திங்கள்

பாய் மறுபடி. இந்தத் தடவை உட்கார்ந்தார்.

"கேஸ் போட்டா ஜெயிக்கலாம்னு வக்கீல் சொல்லிட்டாரு. எனக்கு மனசு வரலம்மா. பாவம், வயசாச்சு உங்களுக்கு."

பாவமாம். வாய் முந்திக்கொண்டது. "ஆடி பொறக்கறதுக்குள்ள சாவி உன் கையில இருக்கும். எனக்குச் சொந்த வீடு இருக்கு, சித்தூர்ல."

பாய் விழித்தார். இத்தனை வருஷம் சொன்னதில்லை. அப்பா எனக்கென்று எழுதி வைத்த ஓட்டு வீடு. பத்து வருஷமாக அதில் நரசம்மா குடித்தனம். தெலுங்குக்காரி, புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிறாள்.

ஆக, இங்கே நான் குடித்தனக்காரி. அங்கே வீட்டுக்காரி.

ஆறாம் தேதி எழுதியதைத் திறந்து ஆந்திரா வரியைப் படித்தேன். நல்ல சட்டம் என்று பட்டது. போன புதன்கிழமை இதே எழுத்தைப் பார்த்துத்தான் பல்லைக் கடித்தேன்.

15 ஜூன், வெள்ளி

சித்தூர் போய் வந்தேன். காட்பாடியில் வண்டி மாறி. கூட்டம், வியர்வை, எதிரில் ஒருவன் கூடை நிறையக் கோழி.

நரசம்மா "ரண்டி அக்கா, வாங்க" என்று எழுந்தாள். மோர் கொடுத்தாள். எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டேன், நான் குடி வரப்போகிறேன், ஆடிக்கு முன்னால் காலி செய் என்று. அழவில்லை. தைத்த விளிம்பைக் கடைசி வரை ஓட்டி நூலை வெட்டினாள்.

"உங்க வீடு. கேட்டா குடுக்கணும். புத்தூர்ல தங்கச்சி கிட்ட போறேன். ஆனா ஆஷாடம் போனதும்தான்."

"ஆடிக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கே."

"ஆடி உங்களுக்கு. எங்க ஆஷாடம் அமாவாசைக்கு மறுநாள் பொறக்குது. இன்னும் பதினாறு நாள். அதுக்குள்ள எப்படிக்கா? ஆஷாடத்துல வீடு மாறக் கூடாது. அடுத்த அமாவாசை கழிச்சுப் போறேன்."

சித்தூரில் பிறந்தவள் நான். தெலுங்குக்காரர் மாசம் வேறு என்று தெரியாதா? வாக்குக் கொடுக்கும்போது ஞாபகம் வரவில்லை. உலகத்துக்கே ஆடி ஜூலை பதினேழாம் தேதி பிறக்கிற மாதிரி பேசிவிட்டேன்.

"சட்டப்படி பார்த்தா..." என்று ஆரம்பித்தேன்.

"சட்டத்துல ஆஷாடம் இல்லையாக்கா?" என்றாள். கிண்டலா, நிஜமாகவே கேட்டாளா, தெரியவில்லை.

வரும்போது வண்டியில் மைசூர் தராசு. ஒரு தட்டில் நான், கமலா, மணி. இன்னொரு தட்டில் நரசம்மா, மிஷின். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

17 ஜூன், ஞாயிறு

காலண்டரும் கையுமாக.
நரசம்மா: ஜூலை 2 முதல் 31 வரை நகர மாட்டாள்.
நான்: ஜூலை 17 முதல் ஆவணி பிறக்கும் வரை புது இடத்துக்குக் குடி போக மாட்டேன். போனதில்லை.
சாவி: ஜூலை 16க்குள்.
மிச்சம்: தெரு.

டிரங்குப் பெட்டியை அடுக்கினேன். பிரித்தேன். தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றிய வண்டிகள் வரிசையாகப் போயின. கோலம் போட்ட இடமெல்லாம் தூசி.

20 ஜூன், புதன்

பாய் சம்சாரம் வீட்டை அளந்து பார்க்க வந்தாள். கட்டில் எங்கே போடுவது என்று என்னையே கேட்டாள். நல்லவள்.

"என்னிக்கு வர்றீங்க?"

"சஃபர் மாசம் மொதல் பதிமூணு நாள் நாங்க புது வீட்டுக்குப் போவ மாட்டோம்மா. இந்த வாட்டி அது ஜூலை பதினாறு வரைக்கும் இருக்கு. அப்புறம்தான்."

அவர்களுக்கு விடிகிற அன்றைக்கு எனக்கு ஆடி.

"நீங்க இன்னும் ஒரு மாசம் இருங்களேன். அவர்கிட்ட நான் சொல்றேன்."

"வேணாம்மா. சொன்னது சொன்னதுதான்."

அவள் போனபிறகு என்னை நானே திட்டினேன், சத்தமாக. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "யாருகூட ஆயா சண்டை?" என்றாள்.

22 ஜூன், வெள்ளி

முனிசாமியிடம் மறுபடி. "ஆடிக்கு முன்னாடியே என் வீட்டுக்குப் போயி ஒரு ரூம்ல இருந்துக்கறேன். அவ அவளோட அமாவாசை வரைக்கும் இருக்கட்டும். சரியா?"

"அவ சம்மதம் இல்லாம நீ கால் வைக்கக் கூடாது ஆயா. வாடகைக்கு விட்டாச்சு, அவ இருக்கற வரைக்கும் அது அவ வீடு மாதிரி."

"எந்த ராஜ்யத்துல?"

"மூணுலயும்."

மூன்றும் ஒத்துப்போக இது ஒன்றுதான் கிடைத்ததா.

"கேட்டுப் பாரேன், வாயில இன்னா முத்தா?" என்றான். நேற்று மீசை முளைத்தவன்.

26 ஜூன், செவ்வாய்

கடுதாசி. முதலில் எழுதியது: "நான் 12ந் தேதி வருகிறேன், ஒரு அறை காலி செய்து வைக்கவும்." கிழித்தேன். இரண்டாவது: "என் வீட்டில் எனக்கு இடம் இல்லை என்று சொல்ல உனக்கு..." அதையும் கிழித்தேன். மத்தியானம் சாப்பிடவில்லை. மூன்றாவது: "நரசம்மாவுக்கு. ஆடிக்கு முன் வந்து ஓர் ஓரமாகத் தங்கிக்கொள்ளலாமா? முடியாது என்றால் எழுதிவிடு, வருத்தம் இல்லை."

வருத்தம் இல்லை என்பது பொய். போஸ்ட் செய்துவிட்டேன்.

4 ஜூலை, புதன்

பதில் இல்லை. போஸ்ட்மேன் என் வீட்டுக்கு எதிர்ச் சாரியாகவே போகிறான்.

7 ஜூலை, சனி

கார்டு. யாரையோ வைத்துத் தமிழில் எழுதியிருக்கிறாள். "வாங்கக்கா. வாசல் ரூம் உங்களுக்கு. மிஷினை உள்ளே தள்ளியாச்சு. சமையல்கட்டு மட்டும் அமாவாசை வரை என்னுது."

இரண்டு தடவை படித்தேன். கடைசி வரியை மூன்று தடவை. நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

12 ஜூலை, வியாழன். சித்தூர்

காலையில் பாய் வீட்டுக்குப் போய்ச் சாவி கொடுத்தேன். வாங்காமல் நின்றார். "இன்னும் நாலு நாள் இருக்கேம்மா." கையைப் பிடித்து உள்ளே வைத்தேன். மணி லீவு போட்டு வந்து சாமான் ஏற்றிவிட்டான். வழியெல்லாம் "எங்க வீட்டுக்கு வந்திருக்கலாம்" என்று ஒரே பேஜார்.

சித்தூரில் தூறல். சாயங்காலம் ஐந்து இருக்கும். வண்டிக்காரன் பெட்டிகளை இறக்கிவிட்டு, "இது யாரு வீடும்மா?" என்றான். உள்ளே மிஷின் ஓடும் சத்தம். கதவு சும்மா சாத்தியிருந்தது, தள்ளினால் திறக்கும். தள்ளவில்லை. தட்டினேன். மிஷின் நின்றது.

"எவரு?"

"நான்தான் நரசம்மா. குடித்தனம் வந்திருக்கேன்."