ஜன்னல் கட்டிலுக்கு ஆள் இல்லை

திங்கள். விடாத மழை.

மொட்டையா, கேட்டாயா கதையை. இன்று முதல் ஆஸ்பத்திரிக்குள் எங்கேயும் புகை பிடிக்கக் கூடாதாம். கேட்டிலிருந்து பிணவறை வரை. டாக்டர், நோயாளி, பார்க்க வருகிறவர், எல்லாருக்கும். நல்லதுதான். உன் நெஞ்சைத் தின்று என் தாலியை அறுத்த சனியன் அது. ஆனால் பீடியைக் குத்தி அணைக்கிற மணல் தொட்டியையும் தூக்கிவிட்டார்கள். இப்போது பூந்தொட்டி, ஜன்னல் விளிம்பு, சாக்கடை, எங்கும் துண்டு. பெருக்குகிறவள் நான்தானே. முதுகு போச்சு. துணி காயவில்லை. சோப்பு வாங்க வேண்டும்.

செவ்வாய். மழை.

ஆம்புலன்ஸ் டிரைவர் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஊதுகிறான். கேட்டால், "வண்டி ஆஸ்பத்திரி இல்லையே அக்கா, ரோட்டில ஓடுறதல்லே" என்கிறான். செக்யூரிட்டி சிரிக்கிறார். அவருக்கும் அதில் ஒரு இழுப்பு உண்டு.

நீ கிடந்த அதே வார்டு. ஜன்னல் கட்டிலில் ஒரு பெரியவர், மூச்சிழுப்பு, தேனிப் பக்கம். துணைக்குத் தம்பி. இங்கே ஜூ டவுன் கடைத்தெருவில் சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். கக்கூஸில் போய்ப் பீடி. புகை நேரே அண்ணன் கட்டிலுக்கு. இருமி இருமி அவருக்கு உதடு கறுத்துவிட்டது. பொறுக்கவில்லை. ஹெட் நர்ஸிடம் சொல்லிவிட்டேன்.

புதன்.

தம்பியின் துணையாள் பாஸைப் பிடுங்கி வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒரு கட்டிலுக்கு ஒரு பாஸ்தான். பெரியவருக்கு வேறு ஆள் கிடையாது. மருந்துச் சீட்டு தலைமாட்டில் அப்படியே. நர்ஸுகள் மாறி மாறி, "பைஸ்டாண்டர் எவிடெ?" என்று மலையாளத்தில் கேட்கிறார்கள், துணையாள் எங்கேயாம். துரத்தினதே நீங்கள்தானே. கடைசியில் மருந்து வாங்கி வந்தது நான். கஞ்சியும் கொண்டு போனேன். பெரியவர் குடிக்க வாயைத் திறக்கவில்லை.

"நீதான் போட்டுக் குடுத்தியாமே."

"உங்களுக்காகத்தான்யா சொன்னேன்."

"எனக்காகவா? அப்ப ராத்திரி நீயே வந்து என்னைத் தூக்கி உக்கார வை."

மூச்சு முட்டும்போது நிமிர்த்திப் பிடிக்க ஆள் வேண்டும். எனக்குத் தெரியாதா.

வியாழன். தலைவலி.

தம்பி எதிரே சாயாக்கடைத் தார்ப்பாய்க்கு அடியில் நனைந்து நிற்கிறான். "அக்கா, புத்தி கெட்டுப் பண்ணிட்டேன். அண்ணனுக்குப் படுத்தா மூச்சு வராதுக்கா." பீடிக்கட்டை என் கையில் திணித்தான். ஹெட் நர்ஸிடம் போனேன்.

"நியமம் எல்லார்க்கும் ஒண்ணு தன்னே, அக்கா."

"ஆம்புலன்ஸ்காரனுக்குமா?"

மேசை டிராயரைத் திறந்தார். பாஸை எடுத்து நீட்டினார். "இன்னொரு தடவை பிடிச்சா பின்னே உள்ளே விடமாட்டோம். நீங்க பாத்துக்கணும்."

நான் என்ன போலீஸா.

வெள்ளி. வெயில். துணி காய்ந்தது.

பெரியவர் தம்பி தோளில் சாய்ந்து இட்லி தின்றார். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பவில்லை. மத்தியானம் கக்கூஸ் கதவிடுக்கில் மறுபடி அந்த நாற்றம். எங்கே வாங்கினானோ, பாழாய்ப் போனவன். துடைப்பத்தோடு கதவுக்கு முன்னால் நின்றேன். கட்டிலில் பெரியவர் இருமினார். கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று தலையை ஆட்டினார். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நீ சொல்லு மொட்டையா, அங்கே கிடந்தபோது உனக்கு எது வேண்டியிருந்தது, நல்ல காற்றா, பிடித்து உட்கார வைக்க நானா?