தீர்த்தம் பட்ட சுவர்

நன்னிலம்,
9.1.1999

அன்பும் பொறுமையும் நிறைந்த ஃபிளோராவுக்கு,

பொறுமை என்று சும்மா எழுதவில்லை. இந்தக் கடிதத்துக்கு அது நிறைய வேண்டும். நான் நலம். உன் தங்கை பிரின்ஸியும் நலம், ஆனால் என்னோடு பேசுவதில்லை. வீடு எப்படி என்று கேட்பாய். அதற்குத்தான் வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "வீடு மந்திரிச்சாச்சா? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டாய். "ஜோரா முடிஞ்சுது" என்றேன். அதில் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்தது மட்டும்தான் உண்மை. "அப்ப ஆஸ்பத்திரியில இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடல. மார்ச்சுல வந்துடுறேன்" என்று நீ சொன்னபோது இருந்த குரலை, நீ குவைத்துக்குப் போன இந்த ஏழு வருஷத்தில் நான் கேட்டதில்லை. அதற்கப்புறம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது பிரின்ஸி உனக்கு ஆறு பக்கம் எழுதிப் போட்டிருக்கிறாளாம். சொன்னது தபால்கார வைத்தியலிங்கம். கவரைக் கையில் தூக்கிப் பார்த்தே பக்கம் சொல்லிவிடுகிற மனுஷன். ஆகவே நான் முந்திக்கொள்கிறேன்.

உன் கொள்ளுத்தாத்தா அந்தோணிமுத்து, விக்டோரியா மகாராணி காலத்தில், வெள்ளைக்கார இன்ஜினியரின் பங்களாவைப் பார்த்துக் கட்டிய வீட்டைப் பழையபடி ஆக்க வேண்டும் என்று நீ அங்கே டபுள் டியூட்டி பார்க்கிறாய். நான் இங்கே மேற்பார்வை பார்க்கிறேன். மேற்பார்வை என்றால் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பது என்று எதிர்வீட்டு ஆனந்தவல்லி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அபாண்டம். வாரப் பத்திரிகையும் படித்தேன்.

கலர் கண்ணாடி ஜன்னல்கள் நன்றாக வந்தன. ரோஜாப்பூ வார்த்த இரும்புப் படிக்கட்டும் துரு போய்ப் பளபளக்கிறது. சுவரில்தான் என் மூளை வேலை செய்தது. கொத்தனார் அரசப்பன் முதலிலேயே சொன்னார்: "அண்ணே, இது சுண்ணாம்புச் செவுரு. சுண்ணாம்ப ஊறப்போட்டு அரைச்சுத்தான் பூசணும். அவசரப்படாதீங்க, அடுத்த கிறிஸ்துமஸ் ஆயிடும்." எனக்கோ இந்தக் கிறிஸ்துமஸ் வேண்டும். வீடு முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று சொன்னவள் நீதானே?

பங்குச் சாமியாரிடம் போய் டிசம்பர் 28க்குத் தேதி வாங்கி, பத்திரிகையும் அடித்துவிட்டேன். பெண் பார்க்கும் முன்பே மண்டபம் பிடிக்கிறவன் மாதிரி. தேதி குறித்துவிட்டால் வேலை தானாக முடியும் என்பது நம் ஊர் நம்பிக்கை ஆயிற்றே. கீழ்க்கட்டுக்குப் பதினைந்தே நாளில் சிமென்ட் பூசிப் பெயின்ட்டும் அடித்தாயிற்று. அரசப்பன் தலையைச் சொறிந்தபோதெல்லாம் "நான் சொல்றேன், பூசுங்க" என்றேன், அந்தோணிமுத்துவே எழுந்து வந்து உத்தரவு போடுகிற தோரணையில். அப்புறம் மழை பிடித்தது. நம் பக்கத்து மார்கழி மழை உனக்குத் தெரியாததா?

மந்திரிப்பு அன்று ஹால் நிறையக் கூட்டம். சாமியார் ஜெபம் சொல்லி, சுவரைப் பார்த்துத் தீர்த்தம் தெளித்தார். அடுத்த நிமிஷம் கதவகலத்துக்குப் பூச்சு அப்படியே கழன்று, பிரின்ஸியின் புதுப் பட்டுப்புடவை மேல் சரிந்தது. அவளுக்கு அடியில்லை, புடவைக்குத்தான் சேதாரம். சாமியார் பாவம், தீர்த்தச் செம்பையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க, ஆனந்தவல்லி மட்டும், "தீர்த்தத்துக்கே இந்தக் கதின்னா, மழைக்கு என்னாகும்?" என்றாள். பிரின்ஸி புடவையை உதறியபடி, "இடிச்சுட்டு மண்டபம் கட்டுங்கன்னு அப்பவே சொன்னேன் அத்தான். கேட்டீங்களா?" என்றாள். பிரியாணியில் மட்டும் யாரும் குறை சொல்லவில்லை.

சாமியார் சொல்லி, பழைய கட்டடங்களைச் சீர்செய்கிற குந்தவை என்ற இன்ஜினியர் அம்மா செவ்வாய்க்கிழமை தஞ்சாவூரிலிருந்து வந்தார். சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "சார், இந்தச் சுவர் நூறு வருஷமா ஈரத்த உள்ள வாங்கி வெளிய விட்டுக்கிட்டு இருந்துது. நீங்க சிமென்ட்டப் பூசி மூச்ச அடைச்சுட்டீங்க. யார் யோசனை இது?" என்று கேட்டார். அரசப்பன் பக்கத்தில்தான் நின்றார். என்னைக் கை காட்டியிருக்கலாம். "எல்லாருமாச் சேர்ந்துதாம்மா செஞ்சோம்" என்றார். ஃபிளோரா, நீ திட்டினால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. மறுநாள் காலை நான் கூப்பிடாமலே உளியோடு வந்து நின்றார்.

சிமென்ட்டை முழுக்கக் கொத்தி எடுக்க வேண்டும். கோடை முழுக்கச் சுவர் காய வேண்டும். அதற்கப்புறம்தான் சுண்ணாம்பு. அரசப்பன் முதலில் சொன்ன அதே அடுத்த கிறிஸ்துமஸ், எனக்காக மழையிலேயே காத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

இதைப் படித்ததும் உன் மனசு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். இன்னும் ரெண்டு வருஷம் இருந்துவிட்டு, முடித்துக்கொண்டே போகலாம் என்று கணக்குப் போடுவாய். அதற்குப் பயந்துதான் போனில் பொய் சொன்னேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வடக்கு அறை தப்பித்துவிட்டது. அங்கே சிமென்ட் மூட்டைகளை அடுக்கியிருந்ததால் பூச முடியவில்லை. நன்னிலத்தில் குளிர்காய அடுப்பும் புகைபோக்கியும் கட்டிய உன் கொள்ளுத்தாத்தாவைக் கேலி செய்திருக்கிறேன். இப்போது அந்தப் புகைபோக்கியின் அடைப்பை எடுத்துவிட்டதில் காற்று இழுத்து, அறை மொறமொறவென்று காய்ந்திருக்கிறது. கட்டிலை நகர்த்திப் போட்டுவிட்டேன். மற்ற சுவர்கள் அது பாட்டுக்குக் காயட்டும். ஒரு அறையில் இரண்டு பேர் இருக்க முடியாதா? தூசி இருக்கும், உளிச் சத்தம் இருக்கும், நானும் இருப்பேன். மூன்றையும் நீ திட்டலாம். போனில் திட்டினால் பாதியில் கட்டாகிவிடுகிறது. நேரில் வந்து திட்டு.

வரும் முப்பத்தொன்றாம் தேதி ஆஸ்பத்திரியில் அந்த ரெண்டு வருஷத் தாளைக் கையெழுத்துக்கு உன் முன்னால் வைப்பார்கள். வேளாங்கண்ணி மாதா உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும். அன்றைக்கு மட்டும் உன் வலது கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும்.

உன் அன்புள்ள,
ஆல்பின்