கூடிய எலும்பு

ஆத்தா,

இன்று காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு அத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். முதுகெல்லாம் நல்லெண்ணெய் மணம். "காலால பொறந்த புள்ள நீதானேத்தா. ஒரு தடவு தடவிட்டுப் போ" என்று பாயில் குப்புறப் படுத்துக்கொண்டார்.

தலைக்கு முன்னால் கால் வந்து பிறந்தவள் நான். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவினால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று ஊரே நம்புகிறது. என் கால் முதலில் நீவியது உன் முதுகைத்தான். நாற்று நட்டுவிட்டு வந்து படுத்து, "அங்கிட்டு இல்லடி, இன்னும் கீழ" என்பாய். நான் பாடம் படித்துக்கொண்டே நீவுவேன். "பாடம் முடியிற வரைக்கும் காலை எடுக்காத" என்று சிரிப்பாய்.

ஒரு நடவில் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. இடது காலில் நெருப்பு ஓடுகிறது என்றாய். பட்டணத்து டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். அடுக்கிய செங்கலில் ஒன்று பிதுங்கியதுபோல, கீழ்முதுகில் ஓர் எலும்பு முன்னால் நழுவியிருந்தது. உன் முழங்காலுக்குக் கீழிருந்து எலும்புச் சில்லு எடுத்து, அங்கே வைத்துக் கூட்டினார்கள். மார்பிலிருந்து இடுப்பு வரை மாவுக்கட்டு. பார்க்க வந்த என்னிடம் சொன்னாய்: "ஒன் காலு பத்தலன்னு என் காலையே வெட்டி முதுகுல வச்சுட்டாங்கடி." பக்கத்துக் கட்டில்காரியும் சிரித்துவிட்டாள்.

கட்டைப் பிரித்தபின் டாக்டர் புதுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "நல்லாக் கூடிருச்சும்மா" என்றார். அப்பா கும்பிட்டார். ஊர் திரும்பி வல்லத்திராக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நீ என் தோளை அழுத்திக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "அந்த நெருப்பு அப்பிடியே இருக்குத்தா" என்றாய்.

யாரும் நம்பவில்லை. "கூடிருச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்பறம் வலி எங்கிட்டிருந்து வரும்?" என்றார் அப்பா. நடவுக்கு ஆள் கூப்பிட வந்தவர்கள், "மகாராணிக்கு இன்னும் எந்திரிக்க மனசு வரலையோ" என்று உன் காதுபடவே பேசினார்கள். மறுபடி காட்டப் போனபோது டாக்டர் குரலைத் தாழ்த்தினார்: "சில பேருக்கு எலும்பு கூடிரும். வலி போகாது." அதை நான் எத்தனையோ தடவை வீட்டில் சொன்னேன். அவர் முதலில் சொன்ன ஒரு சொல்லையே எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள்.

படுத்தே கிடந்ததில், அடைமழைக் காலத்தில் நெஞ்சில் சளி கட்டியது. கஞ்சி வேண்டாம் என்றாய். ஒருக்களித்துப் படுத்து, "காலை வைடி" என்றாய். நழுவிய எலும்பை என் கால் ஒன்றும் செய்யாது என்று, அறிவியல் படிக்கிற எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கும். வைத்தேன். தழும்புக்குக் கீழே கல் மாதிரி இருந்தது. டாக்டர் பொய் சொல்லவில்லை, கூடித்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "போதும்டி, ஒனக்குக் கால் கடுக்கும்" என்றாய். அதற்குப் பிறகு நீ எதுவும் கேட்கவில்லை; விடிவதற்குள் போய்விட்டாய்.

இன்று அத்தை சட்டென்று எழுந்து, "விட்டுருச்சுடி!" என்று இடுப்பை வளைத்துக் காட்டிவிட்டுப் போனார். எல்லாருக்கும் விட்டுவிடுகிறது, ஆத்தா. பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் என் உள்ளங்காலில் அந்தக் கல் உறுத்திக்கொண்டே வந்தது.